ஸ்மார்ட் டிவியை இணையம் இல்லாமல் பயன்படுத்துவது எப்படி: பெட்டியைப் பிரிப்பது முதல் முழுமையான வழிகாட்டி

நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதை டிவி தன் தயாரிப்பாளருக்கு அனுப்பாமல் தடுக்க, அதை இணையத்திலிருந்து துண்டிப்பது ஐந்து நிமிட வேலை. துண்டித்ததைத் துண்டித்தபடியே வைத்திருப்பதுதான் கடினம். தெரிந்தவர்கள் சிலருக்கு இதைச் செய்துகொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், டிவி மறுபடியும் வைஃபையில் உட்கார்ந்திருக்கும். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஒருவருக்குப் பாட்டுக் கேட்கத் தோன்றியிருக்கும், ரிமோட்டில் ஒரு செயலியின் பொத்தானை அழுத்தியிருப்பார், திரை கடவுச்சொல் கேட்டிருக்கும், கொடுத்துவிட்டார்.

அதனால் இந்த வழிகாட்டி பூட்டில் தொடங்கவில்லை. முதலில் மாற்று வழி, பிறகு பூட்டு, அதன் பிறகு சோதனை. நான் பார்த்தவரை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்களே அதிகம் தோற்றார்கள்.

1. படம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இணையம் இல்லாத டிவிக்குப் படம் வந்துசேர நான்கு வழிகள் உண்டு: ஆண்டெனா அல்லது செட்-டாப் பாக்ஸ்; பென் டிரைவ் அல்லது ஹார்ட் டிஸ்க்; எச்டிஎம்ஐ வழியாகக் கணினி, வீடியோ கேம் கருவி, டிவிடி அல்லது ப்ளூ-ரே பிளேயர்; கைபேசித் திரையை நேரடியாக டிவியில் காட்டும் மிராகாஸ்ட்.

வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த நான்கில் எது என்று குறியுங்கள். எதிரே எதுவும் எழுத முடியாமல் நிற்கும் வரி எதுவோ, அந்த வழியாகத்தான் டிவி மறுபடியும் வைஃபைக்குப் போகும். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மிராகாஸ்ட்டை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். அது கைபேசியையும் டிவியையும் ரவுட்டர் இல்லாமல் நேராக இணைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஐபோன்களில் அது கிடையாது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் எல்லாத் தயாரிப்பாளர்களும் தருவதில்லை. இருந்தாலும், முழுப்படம் பார்க்கும்போது இடையிடையே தடுமாறலாம். உங்கள் கைபேசியில் ஒரு முறை முயன்று பார்த்துவிட்டுப் பட்டியலில் சேருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

எச்டிஎம்ஐ கேபிள், ஒரு பென் டிரைவ், ஒரு கணினி, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல். கடைசியாகச் சொன்னது வைஃபை கடவுச்சொல் அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைத்து, ஆறாவது படியில் வந்து திகைத்து நிற்பவர்கள் பலர். பெரும்பாலும் அது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.

டிவியின் பயனர் கையேட்டைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து கணினியில் இறக்கிவையுங்கள். பெட்டிக்குள் வரும் தாளில் பெரும்பாலும் கால் பொருத்தும் படம்தான் இருக்கிறது. முழுக் கையேடு டிவிக்குள்ளேயே இருப்பதாகச் சொல்வார்கள். சில மாடல்களில் அதைத் திறக்கவே இணையம் வேண்டும்.

டிவியைச் சுவரில் மாட்டும் முன் பின்புற ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். மாடல் எண், வரிசை எண் இரண்டும் பின்னால் தேவைப்படும். மாட்டிய பிறகு அந்த ஸ்டிக்கரைப் பார்க்கச் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

புதிய டிவி என்றால், திருப்பிக் கொடுப்பதற்கான கால அவகாசத்தைக் குறித்துக்கொண்டு, வந்த அன்றே மூன்றாவது படியைச் செய்துவிடுங்கள். இணையம் இல்லாமல் தொடக்க அமைப்பை முடிக்கவே விடாத மாடல் கையில் வந்து சேர்ந்தால், திருப்பிக் கொடுப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

3. முதல் முறை இயக்கும்போது: இங்கேதான் பாதி வெற்றி

லேன் கேபிளை டிவியில் செருகாதீர்கள். வைஃபை என்றால் கடவுச்சொல்லாவது கேட்கும். லேன் கேபிள் செருகப்பட்டிருந்தால் பெரும்பாலான டிவிகள் எதுவும் கேட்காமலேயே இணைந்துவிடும்.

டிவியை இயக்கியதும், கைபேசியால் ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லும் திரை முதலிலேயே வரலாம். ‘எளிதான அமைப்பு’ என்று பெயர் போட்டிருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். அந்தச் செயலி உங்கள் கைபேசியில் இருக்கும் வைஃபை விவரத்தை டிவிக்கு ஒப்படைத்துவிடும். கடவுச்சொல்லை நீங்கள் தட்டச்சு செய்ததாக நினைவே இருக்காது. புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். ரிமோட்டால் செய்யும் வழியையே தேர்ந்தெடுங்கள்.

மொழியும் நாடும் கேட்கும்போது நாட்டைச் சரியாகக் கொடுங்கள். தனியுரிமை என்று நினைத்து வேறு நாட்டைக் கொடுப்பவர்கள் உண்டு. அலைவரிசைகளைத் தேடும் முறை நாட்டைப் பொறுத்தது. தவறாகக் கொடுத்தால் ஆண்டெனாவில் சேனல் எதுவும் சிக்காமல் போகலாம்.

அடுத்து நெட்வொர்க் திரை. தவிர்ப்பதற்கான வழி இருக்கும், ஆனால் பளிச்சென்று இருக்காது. பட்டியலின் கடைசியில், மங்கிய எழுத்தில், கீழ் அம்பைப் பலமுறை அழுத்தினால்தான் தெரியும் இடத்தில் இருக்கும். ரோக்கு டிவிகளில் பிறகு இணைத்துக்கொள்வதாகச் சொல்லும் தேர்வு உண்டு. கூகுள் டிவியில் தொடக்கத்திலேயே ‘பேசிக் டிவி’ என்ற தேர்வு வருகிறது. அதை எடுத்தால் கூகுள் கணக்கும் கேட்காது, செயலிகளும் வராது. நமக்கு வேண்டியது அதுதான். தவிர்க்கும் பொத்தானே தெரியவில்லை என்றால் ஏதாவது ஒரு வைஃபையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அல்லது தவறான கடவுச்சொல்லைக் கொடுங்கள். இணைப்பு தோற்ற பிறகு வரும் திரையில் ‘பிறகு செய்கிறேன்’ என்பது தலைகாட்டும். ‘சும்மா அமைப்பதற்காக மட்டும் ஒரு முறை இணைத்துவிட்டுப் பிறகு துண்டிக்கலாம்’ என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கொடுத்த கடவுச்சொல்லை டிவி தானாக மறக்காது.

ஒப்பந்தத் திரையில் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பது பெரிய பொத்தானாக இருக்கும். அதை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, கட்டாயமானதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பார்வைத் தகவல், ஆர்வத்துக்கேற்ற விளம்பரம், குரல் சேவை மூன்றும் விருப்பத்துக்குரியவை. இணைக்கவே போவதில்லையே, எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். என்றாவது ஒரு நாள் யாராவது இணைத்துவிட்டால், அந்த நேரத்தில் உங்கள் மறுப்பு அங்கே இருக்க வேண்டும்.

பயன்பாட்டு இடம் கேட்டால் ‘வீடு’ என்று கொடுங்கள். தவறுதலாக ‘கடை’ என்று கொடுத்தால் படம் கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் இருக்கும். அதைவிட மோசம், நீங்கள் செய்த மாற்றங்கள் சிறிது நேரத்துக்கு ஒரு முறை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு வீட்டில் அரை நாள் இதில் போனது.

நேரத்தையும் தேதியையும் கையால் அமையுங்கள். ஆண்டெனா இணைத்திருந்தால் ஒளிபரப்பிலிருந்தே டிவி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

4. ஏற்கெனவே இணையத்தில் இருந்த டிவி என்றால்

‘இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு’ என்பதை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கணக்குகள், ஏற்றுக்கொண்ட ஒப்பந்தங்கள், செயலிகள் எல்லாம் அப்படியே உள்ளே இருக்கும்.

வரிசை முக்கியம். டிவி இணையத்தில் இருக்கும்போதே எல்லாச் செயலிகளிலிருந்தும் வெளியேறுங்கள். தயாரிப்பாளரின் கணக்குப் பக்கத்தைக் கணினியில் திறந்து, அந்த டிவியைச் சாதனப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். சேகரித்த தரவை அழிக்கக் கோரும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். முதலிலேயே துண்டித்துவிட்டால் டிவியில் வெளியேறியது எந்தக் கணக்குக்கும் போய்ச் சேராது.

அதன் பிறகு லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, டிவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். ரகசிய எண் கேட்டால், நீங்கள் மாற்றியிருக்காத பட்சத்தில் சாம்சங், எல்ஜி இரண்டிலும் பெரும்பாலும் 0000. டிவி மறுபடியும் புதியதுபோல எழும். மூன்றாவது படிக்குப் போங்கள்.

5. உள்ளே அணைக்க வேண்டியவை

திரையில் ஓடுவதை அடையாளம் காணும் வசதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’, விஜியோவில் ‘வியூயிங் டேட்டா’. பெயரில் ‘உளவு’ என்ற சொல் இருக்காது என்பதால் பலர் கடந்து போய்விடுகிறார்கள். செயல்படும் விதம் ஒன்றுதான்: படத்திலிருந்தோ ஒலியிலிருந்தோ சிறு சிறு மாதிரிகளை எடுத்து, கைரேகை போன்ற குறியீடாக்கி, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். சர்வர் தன்னிடம் உள்ள குறியீடுகளோடு ஒப்பிட்டு நீங்கள் பார்ப்பது இன்னது என்று கண்டுபிடிக்கும். 1.1 கோடி டிவிகளிலிருந்து பார்ப்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் இப்படித் தரவு எடுத்ததாக எழுந்த வழக்கில், 2017-இல் விஜியோ 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

அடுத்து மைக்கும் கேமராவும். டிவியின் சட்டத்திலேயே மைக் இருக்கும் மாடல்களில் பெரும்பாலும் ஒரு சிறிய ஸ்விட்ச் கீழே இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். கேமரா இருந்தால் உள்ளே தள்ளிவிடுங்கள் அல்லது மூடிவிடுங்கள்.

தனியுரிமைக்கு நேரடித் தொடர்பு இல்லாத ஓர் அமைப்பை நான் இந்தப் படியில் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: டிவியை இயக்கியதும் எது தெரிய வேண்டும் என்பது. முகப்புத் திரையைத் தானாகத் திறப்பதை அணைத்து, கடைசியாகப் பார்த்த இன்புட்டே வரும்படி மாற்றுங்கள். முகப்பு வந்தால் வெறும் செயலிப் படங்களும் ‘இணையத்துடன் இணைக்கவும்’ என்ற நச்சரிப்பும்தான் இருக்கும். தினமும் அதைப் பார்ப்பவர் என்றாவது ஒரு நாள் இணைத்துத்தான் தீருவார்.

ஆண்ட்ராய்டு, கூகுள் டிவிகளில் வைஃபையையே அணைக்கும் பொத்தான் உண்டு, இருந்தால் அணையுங்கள். மிராகாஸ்ட் வேண்டும் என்று முதல் படியில் குறித்திருந்தால் மட்டும் விட்டுவையுங்கள், அதுவும் வைஃபை வன்பொருளைத்தான் பயன்படுத்துகிறது.

6. ரவுட்டரில் இரண்டாவது பூட்டு

டிவியின் நெட்வொர்க் தகவல் பக்கத்தில் அல்லது ‘டிவி பற்றி’ பக்கத்தில் மேக் முகவரி இருக்கும். நெட்வொர்க்கில் டிவியை அடையாளம் காட்டும், எழுத்துகளும் எண்களும் கலந்த பன்னிரண்டு இலக்க வரிசை அது. வைஃபைக்கு ஒன்று, லேன் கேபிளுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ரவுட்டரின் தடைப் பட்டியலில் சேருங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது வழக்கமான தவறு.

இனி யாராவது கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் டிவி உள்ளே போக முடியாது. இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில் விளம்பர முகவரிகளை மட்டும் தடுக்கும் வடிகட்டி இதற்கு ஈடாகாது. சாதனம் தனக்கென்று வேறொரு டிஎன்எஸ் சர்வரை வைத்திருந்தால் உங்கள் வடிகட்டியைக் கேட்காமலே போய்விடும்.

ஆனால் கைபேசி ஹாட்ஸ்பாட் உங்கள் ரவுட்டரின் ஆளுகைக்கு வெளியே. அதைத் தடுக்க வன்பொருள் எதுவும் இல்லை. வீட்டிலிருப்பவர்களிடம் பேசுவதுதான் வழி. டிவியின் ஓரத்தில் ‘இதை இணையத்தில் இணைக்க வேண்டாம்’ என்று ஒரு சிறிய தாள் ஒட்டுவது அழகாக இருக்காது. இருந்தாலும் விருந்தினர்களிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது.

7. பென் டிரைவிலிருந்து பார்ப்பது

அதிகமான கேள்விகள் வருவது இங்கேதான்.

முதல் தடை, ஃபார்மட். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. பெரிய படத்தை நகலெடுக்கும்போதே கணினி மறுத்துவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். எதை டிவி படிக்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்தால் இரட்டை வேலை மிச்சம்.

இரண்டாவது, படம் ஓடும் ஆனால் ஒலி இருக்காது. டிவி பழுது என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கோப்பின் ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கும். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸைக் கைவிட்டது. எல்ஜியும் 2020-இல் அதே வழியில் போனது. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசி அல்லது ஏசி3 முறைக்கு எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளால் மாற்றினால் சில நிமிடங்களில் முடியும். முழுப்படத்தையும் மறுபடி மாற்ற உட்கார்ந்தால் மணிக்கணக்காகும், தரமும் குறையும். எங்கும் தகராறு இல்லாமல் ஓட வேண்டும் என்றால் எம்பி4 கோப்பு, எச்.264 படம், ஏஏசி ஒலி.

மூன்றாவது, தமிழ் வசனவரிகள். வசனவரிகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பின் பெயர் படக்கோப்பின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். குறியாக்கம் தவறினால் புரியாத குறிகள் வரும். கட்டம் கட்டமாக வந்தால் டிவியின் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கொம்பும் புள்ளியும் தனித்தனியாகச் சிதறி நின்றால் எழுத்துரு இருந்தும் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியவில்லை. இந்தக் கடைசி இரண்டுக்கும் டிவியில் மருந்து கிடையாது. கணினியில் வசனத்தைப் படத்தோடு பதித்து எடுத்துவர வேண்டும், அல்லது அடுத்த படியில் சொல்லும் வெளிக்கருவிக்கு மாற வேண்டும்.

நான்காவதுதான் கண்ணீர் வரவைப்பது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் ‘பதிவு செய்வதற்காக இந்தச் சாதனத்தைத் தயார் செய்யட்டுமா’ என்பது போன்ற கேள்வி வரலாம். ஆம் என்றால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும். ‘தயார் செய்வது’ என்பது ஃபார்மட் செய்வதற்கு டிவி வைத்திருக்கும் நாகரிகமான பெயர். ஒரே பிரதியாக இருக்கும் குடும்ப வீடியோக்களை டிவியில் செருகவே செருகாதீர்கள், நகலைச் செருகுங்கள்.

கோப்புப் பெயர்கள்கூட வெளியே போகுமா என்றால், போயிருக்கின்றன. 2013-இல், யுஎஸ்பி சாதனத்தில் இருந்த கோப்புகளின் பெயர்களை ஓர் எல்ஜி டிவி வெளியே அனுப்பியது கண்டுபிடிக்கப்பட்டது. சேகரிப்பை அணைக்கும் தேர்வை அணைத்திருந்தும் அனுப்பல் நிற்கவில்லை. ஐந்தாவது படியோடு நிறுத்தாமல் ஆறாவது படிக்கு வரச் சொன்னது இதனால்தான்.

8. எச்டிஎம்ஐ வழியாக வெளிக்கருவி

பழைய மடிக்கணினி போதும். அல்லது சிறிய கணினி ஒன்றில் லிப்ரெலெக் என்ற இயங்குதளத்தை நிறுவினால், கோடி என்ற பிளேயர் முழுத்திரையில் எழுந்து நிற்கும், ரிமோட்டாலேயே இயக்கலாம். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவு அமைப்பில் முழுப்படத்தையும் வெட்டாமல் காட்டும் தேர்வு இருக்கும். அல்லது அந்த இன்புட்டின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றினால் பல டிவிகளில் சரியாகிவிடும்.

கணினியிலிருந்து வரும் படத்தை டிவி கண்டுகொள்ளாது என்று நினைத்து, டிவியை வைஃபையிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. 2024-இல் வெளிவந்த பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தது. எச்டிஎம்ஐ வழியாக வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் அடையாளம் காணும் வசதி வேலை செய்ததை அது பதிவு செய்தது. தேர்வுகளை எல்லாம் அணைத்தபோது அந்தப் போக்குவரத்து நின்றது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அது நியாயமாகக் குறிப்பிடப்பட வேண்டியது. என்றாலும் அணைத்த தேர்வு அடுத்த புதுப்பிப்புக்குப் பிறகும் அணைந்தே இருக்கிறதா என்று யார் தினமும் பார்ப்பது?

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகப் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செருகுங்கள்: டிவியின் வாயைக் கட்டிவிட்டு அருகில் இன்னொரு வாயைத் திறக்கிறீர்கள். ஸ்டிக் தன் தயாரிப்பாளரிடம் பேசும். அதில் நீங்கள் நுழைந்திருக்கும் சேவையும் நீங்கள் பார்த்ததைக் குறித்துவைக்கும். அதிலும் ஒரு லாபம் உண்டு. ஸ்டிக்குக்குத் தன் வழியாக ஓடுவது மட்டுமே தெரியும். ஆண்டெனாவில், பென் டிரைவில், கணினியில் நீங்கள் பார்ப்பது தெரியாது. மேலும் வேண்டாதபோது அதைப் பிடுங்கிவிடலாம். கணினியின் உலாவியில் பார்த்தாலும் சேவைக்குத் தெரியும் என்பதில் மாற்றமில்லை.

எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி இணையத்துக்குப் போய்விடுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் அப்படி ஒரு பாதை இருக்கிறது. ஆனால் அதை நடைமுறையில் ஆதரிக்கும் கருவிகள் மிக அரிது. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

சேமித்துவைத்த படங்களை வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் போன்ற மீடியா சர்வர் வைத்திருப்பவர்கள் டிவியை உள் நெட்வொர்க்கில் மட்டும் சேர்த்து, இணையத்தை ரவுட்டரில் தடுக்க விரும்புவார்கள். செய்யலாம். ஆனால் ரவுட்டரை மாற்றும் நாளில் அந்தத் தடையும் அதோடு போய்விடும். சர்வரோடு பேசும் வேலையைச் சிறிய கணினியிடம் கொடுத்து, அதை எச்டிஎம்ஐயில் இணைப்பதே என் தேர்வு.

9. சோதனை

டிவியின் நெட்வொர்க் நிலைப் பக்கத்தில் ‘இணைக்கப்படவில்லை’ என்று இருக்க வேண்டும். அதோடு விடாமல் ரவுட்டரில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து, குறித்துவைத்த இரண்டு மேக் முகவரிகளும் அங்கே இல்லை என்பதைப் பாருங்கள். டிவி தன்னைப் பற்றிச் சொல்வதைவிட ரவுட்டர் டிவியைப் பற்றிச் சொல்வதை நான் அதிகம் நம்புகிறேன்.

பிறகு ரிமோட்டில் இருக்கும் செயலிப் பொத்தான் ஒன்றை அழுத்துங்கள். என்ன திரை வருகிறது என்று வீட்டிலிருப்பவர்களுக்குக் காட்டி, ‘இது வந்தால் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் போதும்’ என்று சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ரவுட்டர் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ரவுட்டரை மாற்றினாலோ மீட்டமைத்தாலோ ஆறாவது படியை மறுபடியும் செய்ய வேண்டும்.

10. மென்பொருள் புதுப்பிப்பு

குறை எதுவும் இல்லாத டிவியைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. இணையத்தில் இல்லாத டிவிக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்து மிகக் குறைவு. எச்டிஎம்ஐ படம் விட்டுவிட்டு வருவது போன்ற குறை இருந்து, அதைச் சரிசெய்யும் பதிப்பு வந்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது படியில் படம் எடுத்த மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து கோப்பை இறக்குங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மாடல். இதற்கு மட்டும் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருப்பது பாதுகாப்பானது. கோப்பைச் சுருக்கிய நிலையிலேயே நகலெடுப்பதும், ஏதோ ஒரு கோப்புறைக்குள் போட்டுவைப்பதும்தான் ‘டிவி கண்டுபிடிக்கவில்லை’ என்பதற்கு வழக்கமான காரணங்கள். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட பெயரில் கோப்புறை கேட்கும். அவர்கள் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

புதுப்பித்து முடிந்ததும் புதிய ஒப்பந்தத் திரை வரலாம். மறுபடியும் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ பெரிதாக நிற்கும். ஐந்தாவது படியின் தேர்வுகளை ஒன்றுவிடாமல் திறந்து பாருங்கள்.

11. பழுதுபார்ப்பவர் வரும் நாள்

பழுதுபார்க்க வருபவரின் முதல் வேலை பெரும்பாலும் டிவியைத் தன் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து மென்பொருளைப் புதுப்பிப்பதாகத்தான் இருக்கும். அது அவருக்குப் பழகிய வழி. குறை சொல்ல முடியாது. வந்ததும் பென் டிரைவைக் கொடுத்து, இதிலிருந்து செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் இணைக்கட்டும். அவர் கிளம்பிய பிறகு டிவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள். மதர்போர்டை மாற்றியிருந்தால் மேக் முகவரிகளும் மாறியிருக்கும். ரவுட்டரின் தடைப் பட்டியலில் புதியவற்றைச் சேர்க்க வேண்டும்.